வியர்வை என்றால் இரத்தம்

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. அங்கே மலை தேடிப் போனால் கேணியில் முழுகிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அப்படிப்பட்ட தட்டை நிலத்தில் பிறந்த நான், ஜேர்மனியின் தென்கோடியில், அல்ப்ஸ் மலையில் வேட்டையாடுவதையே தொழிலாகச் செய்து ஓய்வூதியம் வரை வந்தவன். கலியாண வீடுகளில் யாராவது "அண்ணை என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டால் "வேட்டைக்காரன்" என்பேன். சிரிப்பார்கள். அது ஏதோ ரெஸ்ரோரன்டின் பெயர் என்று நினைத்து "எந்த ரோட்டில இருக்கு?" என்று கேட்டவரும் உண்டு. கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் என் மச்சான் மட்டும் சிரிக்காமல் சொல்வான்: "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த மனிசன், இஞ்ச வந்து தானே துவக்குத் தூக்கினவர். விதியைப் பாருங்கோவன்."

இப்போது நானும் மனைவி ராணியும் ஸ்டுட்கார்டில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் வலது முழங்கால் செயற்கை. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு பல்கனியும் சைக்கிள்களும் தெரியும். மலை தெரியாது. அது தெரியாமல் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. காலையில் எழும்பியதும் கண் தானாகவே மேலே போய், வெறும் வானத்தில் முட்டிக்கொண்டு திரும்பி வருகிறது.

போன இலையுதிர் காலத்தில் லேனி ரெலிபோன் எடுத்தாள். நான் விட்டுவந்த வேலையை இப்போது செய்பவள் அவள். காயம்பட்ட மிருகத்தைத் தேட வெப்பத்தைப் பார்க்கும் கமராவோடு டிரோன் பறக்க விடுகிறாள், நல்ல கெட்டிக்காரி. வழக்கமாகப் பகிடியோடு தொடங்குகிறவள் அன்று நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"செல்வா, அன்ரன் நித்திரை கொள்ளுறாரில்லை. மேல ஒரு கம்ஸ் காயத்தோட கிடக்குதாம், ஒருத்தரும் தேடிப் போகேல்லையாம். கட்டிலால இறங்கி இறங்கிக் கதவடிக்குப் போறார். திறந்து விடச் சொல்லி அழுறார்."

அன்ரன் என்பவர் எனக்கு மேலே இருந்த தலைமை வேட்டைக்காரர். இப்போது மலையடிவாரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார், ஞாபகம் கலைந்துபோனவர். கம்ஸ் என்பது அந்த மலைகளின் காட்டாடு. கொளுக்கி மாதிரி வளைந்த கொம்பு, முகத்தில் கறுப்புக் கோடு, மனிதன் ஊர்ந்து போகத் தயங்கும் பாறையில் நின்று அசைபோடும் திமிர். தமிழில் அதை வரையாடு என்று எனக்குள்ளே வைத்துக்கொண்டேன்.

அவர் சொன்ன அந்தக் கம்ஸை எனக்குத் தெரியும். அதைத் தேடிப் போனவன் நான்தான். கண்டுபிடித்தும் விட்டேன், பல வருடங்களுக்கு முன்பு. அவர் மறந்துவிட்டார். இந்தக் கதையை லேனிக்கும் அவளோடு வேலை செய்யும் இளசுகளுக்கும் டொச் மொழியில் பலமுறை சொல்லியிருக்கிறேன். தமிழில் சொல்வது இதுதான் முதல் முறை.

அன்ரன் என்ற பெயர் எங்கள் பக்கத்தில் புதிதல்ல. பாஷையூரில் கல்லெறிந்தால் ஒரு அன்ரன் மேல்தான் விழும். இந்த அன்ரன் மேல் நான் விழுந்தது, அகதி விடுதியில் இருந்த காலத்தில். மலையில் மரக்கன்று நடும் வேலைக்கு எங்களில் சிலரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் மேலே எங்கோ வெடிச் சத்தம். மூளைக்குக் கேட்கும் முன்பே உடம்புக்குக் கேட்டுவிட்டது. கன்றுக் கூடையை எறிந்துவிட்டுக் குப்புற விழுந்து பாசிக்குள் முகம் புதைத்துக் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. தாடிக்காரர் ஒருவர் எனக்கு அருகிலேயே குப்புறப் படுத்துத் தொலைநோக்கியால் சரிவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்க?" என்று கிசுகிசுத்தார்.

"என்ன எங்க?"

"நீ கண்டது."

அவர் பேசியது மலைநாட்டு டொச். எனக்குள் அது எப்போதும் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன். ஹெலியையும் ஷெல்லையும் பற்றிச் சொல்ல அன்றைக்கு என்னிடம் டொச் இல்லை. வெட்கத்தில் சும்மா ஒரு பக்கம் கையைக் காட்டினேன். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாக, அங்கே உண்மையாகவே ஒரு கம்ஸ் நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை. அடுத்த கிழமை, சுமை தூக்க எனக்கு இந்த ஆள்தான் வேண்டும் என்று கேட்டு எடுத்துவிட்டார்.

எவ்வளவோ காலம் கழித்து, மலையில் வைத்து உண்மையைச் சொன்னேன். பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப அண்டைக்கு நான் உனக்குத் துணையாப் படுத்திருக்கிறன். பரவாயில்லை" என்றார். அதன்பிறகு எப்போது சுடப் போனாலும், அதற்கு முன்னால் இடது கையால் என் தோளை ஒருமுறை தொட்டு "இப்ப" என்பார். அதற்குப் பிறகுதான் விசையில் விரல் வைப்பார். எங்களோடு விருந்தாளி வேட்டைக்காரர்கள் இருந்தாலும் சரி, மிருகம் ஓடப் பார்த்தாலும் சரி, அந்த "இப்ப" ஒருநாளும் தவறியதில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விசா வந்தது, அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தேன், வேட்டைப் பரீட்சைக்குப் படித்தேன், முதல் தடவை கோட்டை விட்டேன், இரண்டாம் தடவை தேறினேன். கஷ்டமாக இருந்தது துவக்கு அல்ல, பாஷை. சாதாரண டொச்சே எனக்கு முழுதாக வராத நேரத்தில் வேட்டைக்காரர்களுக்கென்று தனி டொச் இருப்பது தெரியவந்தது. மிருகத்தின் கண்ணைக் கண் என்று சொல்லக் கூடாது, "விளக்கு". காதுக்கு "ஒட்டுக்கேட்பான்". இரத்தத்தை இரத்தம் என்று சொன்னால் கூட்டமே முகத்தைச் சுளிக்கும். அதற்கு "ஷ்வைஸ்" என்று பெயர். ஷ்வைஸ் என்றால் வீட்டிலும் ரோட்டிலும் வியர்வை.

இது எனக்குத் தெரியாத நாளில் நடந்தது ஒன்று. அன்ரன் ஒரு பள்ளத்துக்கு இந்தப் பக்கம் இருந்து சுட்டார். கம்ஸ் பாறைக்குப் பின்னால் மறைந்தது. அது நின்ற இடத்தைப் போய்ப் பார் என்று என்னை அனுப்பினார். சுற்றி ஏறி அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது என் சேட்டைப் பிழிந்தால் வாளி நிறையும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் கூவினார்:

"ஷ்வைஸ்?"

இந்த மனிதனுக்கு என் மேல் என்ன அக்கறை என்று மனம் உருகிவிட்டது. "ஓம்! நிறைய!" என்று கூவினேன்.

நிறைய இரத்தம் என்றால் மிருகம் கிட்டவே விழுந்து கிடக்கும் என்று அர்த்தம். சந்தோசமாக ஏறி வந்தார். குனிந்து கல்லைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், ஒரு துளியும் இல்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நெற்றியிலிருந்து நாடி வரை ஒழுகிக்கொண்டிருந்தது. கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பொக்கற்றில் இருந்து கைலேஞ்சியை எடுத்து நீட்டி, "சரிதான்" என்றார். குண்டு படவேயில்லை என்பது பிறகு தெரிந்தது.

அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு பேருடைய சொல்லாகிவிட்டது. கடினமான ஏற்றம் ஒன்று முடிந்து உட்காரும்போதெல்லாம் "ஷ்வைஸ்?" என்பார். "ஓம், நிறைய" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் முழுக்க அது ஒன்றுதான் பேச்சாக இருந்த நாட்களும் உண்டு. இன்றைக்கு என்னோடு எல்லாரும் ரெலிபோனில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், அந்த மூன்று சொல்லுக்கு மனம் கிடந்து ஏங்குகிறது.

அவருடைய முறைகள் சிலதைச் சொல்ல வேண்டும். மலைக்குப் போகும் காட்டுப் பாதையில் ஒரு மரக் கேற் இருந்தது. அந்த மலைச் சனங்களிடம் ஒரு வழக்கம்: குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே யாரும் யாரையும் நீங்கள் என்று சொல்வதில்லை, எல்லோரும் நீதான். அன்ரனுக்கு அந்த உயரம் அந்தக் கேற். அதற்கு மேலே "செல்வா, நீ முன்னுக்கு நட" என்பார். மாலையில் இறங்கி வந்து கேற்றைச் சாத்தியதும் "நாளைக்கு எத்தனை மணிக்கு வாறீங்கள்?" என்று மாறிவிடுவார். ஒரே நாளில் ஒரே மனிதரிடம் இரண்டு மரியாதை. ராணிக்கு இது விளங்கவே இல்லை. "மேல போனால் மரியாதை குறையுமோ?" என்று கேட்டாள். குறைவதில்லை, கூடும் என்று எப்படி விளங்கப்படுத்துவது?

ஏறும்போது மூக்கால் மூச்சு விட ஏலாவிட்டால் வேகம் அதிகம் என்பார். பைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் காற்றுக்கு எதிர்ப் பக்கம் வழி எடுப்பார். பிறகு உட்கார்ந்து பார்ப்பது. வேட்டை என்றால் சுடுவது என்று சனம் நினைக்கிறது. வேட்டை என்றால் பார்ப்பது. முகத்துக் கறுப்புக் கோடு மங்கியிருந்தால் வயசாளி. குட்டியோடு நிற்கும் பெண்ணைத் தொடக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தாலும், சுட்டபின் அது எங்கே விழும் என்று பார்ப்பார். எட்டாத இடத்தில் விழும் என்றால் துவக்கைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாணும் வாட்டிய இறைச்சியும் வெட்டித் தருவார். முக்கால்வாசி நாட்கள் அப்படிப் பாணோடுதான் முடிந்தன.

அவர் உயிர்போனாலும் விடாத விதி ஒன்று இருந்தது. காயப்பட்ட மிருகத்தை மலையில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. அதற்காகத்தான் எங்களிடம் ஒரு நாய். சிவப்பு மண் நிறம், தொங்கிய காது, காய்ந்த இரத்தத்தின் மணத்தையும் அடுத்த நாள் பிடிக்கும் மூக்கு. வளர்த்தவர் அதற்கு வைத்த பெயர் வல்லி. பவேரியாவில் பழைய காலத்துப் பெண்களின் செல்லப் பெயராம். எனக்கு அது வள்ளி என்றுதான் கேட்டது. குறவர் மகள், மலையில் பிறந்தவள், வேறென்ன பெயர் பொருத்தம்? ராணிதான் குழப்பினாள்.

"சாமியின்ட பெண்சாதி பேரை நாய்க்கு வைக்கிறதோ? பாவம் பிடிக்கும். நான் வாலி எண்டுதான் கூப்பிடுவன்."

"வாலியும் புராணத்தில வாறவன்தானே?"

"இதுக்கு வால் இருக்கு, அதாலை வாலி."

நாய் இரண்டு பெயருக்கும் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் ராணி கூப்பிட்டால் இன்னும் வேகமாக வந்தது.

அன்ரனுடைய கடைசி வேட்டைப் பருவம். பனி விழுவதற்கு முன்னான நாட்கள். வயதான கம்ஸ் ஒன்று, முகக் கோடு மங்கி, விலா எலும்பு தெரிய, கூட்டத்தைப் பிரிந்து தனியே திரிந்தது. வரும் குளிர்காலத்தை அது தாண்டாது என்பதால் அதைச் சுட்டு எடுக்க முடிவு செய்தோம். கிட்டப் போய், காற்றுப் பார்த்து, விழும் இடம் பார்த்து, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தோளைத் தொட்டார். "இப்ப." சுடும் கணத்தில் அவருடைய முழங்கைக்குக் கீழிருந்த கல் நழுவியது.

கம்ஸ் முதுகைக் கூன வளைத்து ஒரு துள்ளுத் துள்ளியது. எங்களுக்கு அதைப் பார்த்தால் போதும். நெஞ்சில் பட்டால் முன்னே பாயும், காலில் பட்டால் சாயும். முதுகு கூனினால் வயிற்றில் பட்டிருக்கிறது. உடனே சாகாது, கனநேரம் கிடந்து நோகும். அது குட்டைப் பைன் புதர்களுக்குள் புகுந்து செங்குத்துப் பாறைப் பக்கம் போய்விட்டது. அன்ரனின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

இந்த நேரத்தில் செய்யக் கூடாதது பின்னால் ஓடுவது. துரத்தினால் அது எழும்பி இன்னும் தூரம் போகும், இன்னும் எட்டாத இடத்தில் கிடந்து வதைபடும். விட்டால் கிட்டவே படுக்கும். ஆகவே இருக்க வேண்டும். மனம் கிடந்து அடிக்க, சும்மா இருக்க வேண்டும். அவர் பைப்பைப் பற்றவைத்தார். மூன்று குச்சி வீணானது. பிறகு கம்ஸ் நின்ற இடத்துக்குப் போய்க் கிளை ஒன்றை ஒடித்துக் குத்தி அடையாளம் வைத்தோம். கல்லில் இரத்தம் கடும் மண்ணிறமாக, புல் துணிக்கையோடு இருந்தது. நினைத்தது சரி.

அங்கிருந்து திரும்பும்போதுதான் அவர் விழுந்தார். பெரிய விழுகை இல்லை, ஆனால் கணுக்கால் மற்றப் பக்கம் திரும்பியிருந்தது. வோக்கி டோக்கியில் மீட்புக்காரரைக் கூப்பிட்டேன். அவர்கள் வந்து தூக்குப் படுக்கையில் கட்டும்போது, வலிக்கு முனகாத அந்த மனிதர் அவர்களுடைய கையைத் தட்டிவிட்டுச் சண்டை பிடித்தார். "அது மேல கிடக்கு, நான் எப்பிடிக் கீழ போறது?" பட்டியை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். என் கைச் சட்டையைப் பிடித்தார். "செல்வா, நீ போ. விட்டிட்டு வந்திடாதை."

போனேன். நாயின் கழுத்தில் நீளக் கயிற்றைக் கட்டி விட்டேன். மூக்கை நிலத்தில் ஒட்டியபடி இழுத்துக்கொண்டு போனாள். பாறைத் துண்டுகள் சரிந்த இடம் வந்தது, மேகம் போலப் புகார் ஏறியது, பிறகு பனி விழத் தொடங்கியது. எதிரே நீட்டிய கை தெரியவில்லை. நாய் ஓர் இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து என்னைப் பார்த்தது. திரும்ப வேண்டியதாயிற்று. கீழே எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "விடு செல்வா, நரியும் கழுகும் பாத்துக்கொள்ளும். பனிக்கு மேல என்னத்தைத் தேடுவாய்?" அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அவர்களுடைய கைச் சட்டையை யாரும் பிடிக்கவில்லையே. இன்றைக்கு லேனியின் டிரோன் இருந்திருந்தால் அன்று மாலையே வேலை முடிந்திருக்கும். அந்தக் காலம்தான் திறம் என்று சொல்கிற ஆள் நானில்லை. அந்த மிருகத்துக்கு ஓர் இரவு வதை மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் விடிய, முழங்கால் அளவு பனியில் ஏறினேன். நேற்றுத் தடுமாறிய இடத்துக்கு மேலே போய் நாயை விட்டேன். கனநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் பனிக்குள் முகத்தைக் குத்தி நின்றாள். வால் மெல்ல விறைத்தது. அங்கிருந்து ஒரே இழுவை, பாறை விளிம்பு வரைக்கும். விளிம்புக்குக் கீழே கூரை போல நீட்டிய கல்லின் அடியில் அது படுத்திருந்தது. உயிரோடு இருந்தது. எழும்பப் பார்த்தது, ஏலவில்லை. என்னையே பார்த்தது.

தோளைத் தொட ஆளில்லை. நானே "இப்ப" என்று சொல்லிக்கொண்டு சுட்டேன். கண்ணை விளக்கு என்று ஏன் சொல்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது, ஏனென்றால் அது அணைந்ததைப் பார்த்தேன். நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். வேறு யாரும் அங்கே இல்லை.

இனிச் செய்ய வேண்டியது வழக்கம். குட்டைப் பைனில் ஒரு கிளை ஒடித்து மிருகத்தின் வாயில் வைக்க வேண்டும். கடைசிக் கவளம் என்று அதற்குப் பெயர். எங்கள் வாய்க்கரிசி போலத்தான். இன்னொரு கிளையை அதன் இரத்தத்தில் தொட்டு, தொப்பியின் மேல் வைத்து, சுட்டவரிடம் கொடுக்க வேண்டும். நாய் தேடிப் பிடித்த வேட்டை என்றால், சுட்டவர் அதை ஒடித்து நாய்க்காரனுக்கும் நாய்க்கும் பங்கு கொடுப்பார்.

கம்ஸை முதுகில் கட்டி இறக்கிக் குளிரறையில் தொங்கவிட்டு, உடுப்பும் மாற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்ரன் கதவைப் பார்த்தபடி கிடந்தார். தொப்பியை நீட்டினேன். கிளையை எடுத்தார். "உயிரோட இருந்ததோ?" என்று கேட்டார். பொய் சொல்ல ஏலவில்லை. "ஓம்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கிளையை மூன்றாக ஒடித்து, ஒன்றைத் தனக்கு வைத்து, இரண்டை என்னிடம் தந்தார். "வேட்டைக்காரன் நன்றி சொல்லுறன். நீங்கள் போய் உடுப்பை மாத்துங்கோ" என்றார். கேற்றுக்குக் கீழே அல்லவா, நீங்கள்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

என் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி அறையில் வைக்கப் பார்த்தேன். ராணி மறித்தாள்.

"இரத்தம் பட்டதைச் சாமிக்கு முன்னால வைக்க ஏலாது."

"இது இரத்தமில்லை, வேர்வை. அவையின்ட பாஷையில அப்பிடித்தான்."

ராணி கையை நீட்டினாள். பிறகு தானே வாங்கி முருகன் படத்துக்குப் பின்னால் செருகினாள். "வேடரின்ட மருமகன்தானே. ஒண்டும் சொல்லமாட்டார்" என்றாள்.

வல்லி போய்விட்டாள். அவளுடைய பங்கையும் அவளோடு புதைத்தேன். பிறகு என் முழங்கால் போனது, வேலை போனது, மலை போனது. இவ்வளவுக்கும் பிறகுதான் லேனியின் அந்த ரெலிபோன்.

முதலில் ரெலிபோனிலேயே பேசிப் பார்த்தேன். "அன்ரன், அதை நான் கண்டுபிடிச்சிட்டன்." "நீங்கள் ஆர்?" என்றார். லேனி ஒரு கிளையைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தாள். மணந்து பார்த்துவிட்டு, "இது ரோட்டுக்கரை மரம். அது கிடக்கிற இடத்தில இது முளைக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். தன் மனைவி செத்ததையே மறந்தவர் மரத்தை மறக்கவில்லை.

நான் போகிறேன் என்றதும் ராணி பொங்கினாள். "இஞ்சாருங்கோ, உந்த முழங்காலோட மலை ஏறப் போறியளோ? விசரோ உங்களுக்கு?" ஓம், விசர்தான் என்றேன். அவள் இடியப்பம் கட்டித் தந்தாள்.

லேனி ஜீப்பில் கேற்றைத் தாண்டி ரோட்டு முடியும் இடம் வரை ஏற்றிப் போனாள். "நீ இதிலேயே இரு செல்வா. நான் ஓடிப்போய் ஒடிச்சுக்கொண்டு வாறன்" என்றாள். "ஏலாது. நான்தான் போகவேணும்" என்றேன். அன்ரனுக்காக என்று அவளிடம் சொன்னேன். அது பாதி உண்மை.

தடியை ஊன்றி, மூக்கால் மூச்சு விட்டு, நின்று நின்று ஏறினேன். அந்த வாசம் வந்தது, வெயில் பட்ட குட்டைப் பைனின் பிசின் வாசம். எதிர்ச் சரிவில் கம்ஸ் கூட்டம் ஒன்று என்னைப் பார்த்து விசிலடித்துவிட்டு அசையாமல் நின்றது. நான் ஆபத்தில்லாத ஆள் என்று அவற்றுக்கும் தெரிந்துவிட்டது போல. எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் இதற்கு என்று அந்த இடத்தில் இருந்தபோதுதான் தெரிந்தது. கிளையை ஒடித்தேன். அதைத் தொட்டு எடுக்க இரத்தத்துக்கு எங்கே போவது? என் நெற்றியைத் துடைத்து, அந்த ஈரத்தை ஊசி இலைகளில் பூசினேன்.

முதியோர் இல்லத்தில் தாதி என்னைப் பார்த்துவிட்டு "முதல்ல தலையைத் துடையுங்கோ, தடிமன் பிடிக்கும்" என்றாள். நான் நேரே உள்ளே போனேன். அன்ரன் கட்டில் விளிம்பில் சப்பாத்துப் போட்டபடி இருந்தார்.

"நீங்கள் ஆர்?"

தொப்பியின் மேல் கிளையை வைத்து நீட்டினேன். முகத்தில் ஒன்றும் தெரியும் முன்பே அவருடைய கை வந்தது. எடுத்தார், மணந்தார். பெருவிரலால் இலையைத் தடவி, விரலின் ஈரத்தைப் பார்த்தார்.

"ஷ்வைஸ்?"

"ஓம். நிறைய."

நிமிர்ந்து என் முகத்தை நெற்றியிலிருந்து நாடி வரை பார்த்தார், அன்றைக்குப் பள்ளத்தைச் சுற்றி வந்து பார்த்த மாதிரியே. "சரிதான்" என்றார்.

"உயிரோட இருந்ததோ?"

"இல்லை. அண்டைக்கே முடிஞ்சிட்டுது." இந்த முறை பொய் சுகமாக வந்தது.

கிளையை மூன்றாக ஒடித்தார். ஒன்றைத் தன் சேட்டில் செருகினார், ஒன்றை எனக்குத் தந்தார். மூன்றாவதைக் கட்டிலுக்குக் கீழே, நாயின் கழுத்து உயரத்துக்கு நீட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் குனிந்து அதை வாங்கிக்கொண்டேன்.

"இரு, செல்வா. நீ நல்லாக் களைச்சிட்டாய்" என்றார்.

கேற்றுக்குக் கீழே அவர் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வழக்கத்தை அவர் மீறவில்லை. அவர் இறங்கி வரவேயில்லை, இன்னும் மேலேதான் இருக்கிறார். சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். படுத்தார், பிள்ளை போல நித்திரை கொண்டார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது.

இரண்டு கிழமையில் லேனி மறுபடி எடுத்தாள். "மறந்துபோனார், செல்வா. திரும்பவும் கதவடியில நிக்கிறார்." அவளுடைய குரலில் கவலை. எனக்கும் கவலை வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறொன்று. ராணி அதை முகத்திலேயே பிடித்துவிட்டாள்.

"அந்த மனிசன் மறந்துபோச்சுதெண்டால் உங்களுக்கு ஏன் முகம் மலருது?"

நான் கட்டிலுக்குக் கீழே குனிந்து மலைச் சப்பாத்தை இழுத்தேன். அவள் இடியப்பப் பெட்டியோடு ஒரு துவாயையும் பைக்குள் வைத்தாள்.

"வேர்த்தால் துடையுங்கோ."

"துடைக்கக் கூடாது" என்றேன். "அவர் பாக்கவேணும்."